270 கிலோமீட்டருக்கு அப்பால்: அணு மின் நிலைய அவசரகால ஒத்திகையைக் கொழும்பில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் அணு மின் நிலையம் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டிலுள்ள கூடங்குளம் அணு மின் நிலையத்திலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 270 கிலோமீட்டர்தான். கற்பிட்டிக் கரைக்கு சுமார் 225 கிலோமீட்டர். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் இயங்குகின்றன, மேலும் நான்கு கட்டப்பட்டு வருகின்றன. இந்தத் தூரத்தில் வாழும் நாம் எதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும், எதற்குப் பார்க்கத் தேவையில்லை என்பதைப் பிரித்துக் காட்டுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். பாடசாலை அதிபர்கள், தொடர்மாடிக் குடியிருப்பு நிர்வாகக் குழுக்கள், அலுவலகப் பாதுகாப்புப் பொறுப்பாளர்கள், ஆலய, பள்ளிவாசல் மற்றும் சனசமூக நிலையப் பரிபாலன சபையினர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலாம் படி: தூரத்தைக் கொண்டு இலக்கைத் தீர்மானியுங்கள்

பெரிய உலைகளைச் சுற்றிச் சர்வதேச அணுசக்தி முகவரகம் நான்கு வட்டங்களைப் பரிந்துரைக்கிறது. 3 முதல் 5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களைக் கதிரியக்கம் வெளியேறும் முன்பே அப்புறப்படுத்த ஆயத்தமாக இருக்க வேண்டும். 15 முதல் 30 கிலோமீட்டர் வரையிலான வலயத்தில் வெளியேற்றம், வீட்டுக்குள் தங்குதல், அயடின் மாத்திரை ஆகியவற்றுக்கான ஏற்பாடுகள் முன்கூட்டியே இருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் வரை தரையில் படிந்த கதிரியக்கத்தை அளந்து, தேவைப்படும் இடங்களிலிருந்து மக்களை இடம் மாற்ற ஆயத்தம் வேண்டும். 300 கிலோமீட்டர் வரை உணவு, பால், குடிநீர், வணிகப் பொருட்கள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த ஆயத்தம் வேண்டும்.

கொழும்பு இந்த நான்காவது வட்டத்துக்குள் விழுகிறது. ஆகவே பேருந்துகளை வரிசையாக நிறுத்தி, பிள்ளைகளை ஏற்றி, கண்டி வீதியில் அனுப்பிப் பார்க்கும் ஒத்திகை நமக்குப் பொருந்தாது. அது பிழையான பாடத்தைக் கற்பித்து, உண்மையான செய்தி வரும் நாளில் வீதியை அடைக்கவே உதவும். நாம் பழக வேண்டியவை மூன்று: சரியான செய்தியை அடையாளம் காண்பது, அதை எல்லோருக்கும் விளங்கும் மொழியில் கடத்துவது, உணவு பற்றிய முடிவுகளைப் பதற்றமின்றி எடுப்பது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் குமரி முனையைக் கடந்து வரும் மேற்குக் காற்று மன்னார் வளைகுடாவைத் தாண்டி நம் பக்கம் வீசும். வடகீழ் பருவக்காற்றின்போது திசை பெரும்பாலும் எதிர்மாறானது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வீசினாலும் அது கொழும்பை அடைய பதினொரு மணி நேரம் வரை எடுக்கும். அந்தப் பதினொரு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் உங்கள் ஒத்திகையின் பொருள்.

இரண்டாம் படி: நிலையத்துக்குள் ஒத்திகை எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

இந்தியாவில் அவசரநிலை மூன்று தட்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. உலைக் கட்டடத்தோடு நிற்பது ஒன்று, நிலைய வளாகம் முழுவதையும் தொடுவது இன்னொன்று, வளாக எல்லையைத் தாண்டிப் பொதுமக்களை எட்டுவது மூன்றாவது. முதல் வகைக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், இரண்டாவதுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், மூன்றாவதுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஒத்திகை நடத்துவது அங்குள்ள நியதி. மூன்றாவது வகையில் பொறுப்பு நிலையத்தின் கையிலிருந்து மாவட்ட ஆட்சியர் கைக்கு மாறுகிறது. கூடங்குளத்தில் எரிபொருள் நிரப்புவதற்கு முன்னர், 2012 ஜூன் மாதத்தில், நக்கனேரி என்ற கிராமத்தில் அத்தகைய ஒத்திகை நடந்தது.

ஒத்திகைகளை இவ்வளவு தீவிரமாக எடுக்கும் வழக்கம் 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் நிலையத்தில் நடந்த விபத்தோடு வலுப்பெற்றது. ஐந்து மைல் சுற்றளவிலுள்ள கர்ப்பிணிகளும் பாலர் வயதுப் பிள்ளைகளும் விலகியிருக்குமாறு ஆளுநர் மூன்றாம் நாள் கேட்டுக்கொண்டார். ஆனால் வெளியேறியவர்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. தெளிவற்ற செய்தி தேவையற்ற வெளியேற்றத்தை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இன்று அங்கே அவசரநிலை வகையைத் தீர்மானிக்கப் பதினைந்து நிமிடம், மாநில அதிகாரிகளுக்கு அறிவிக்க இன்னொரு பதினைந்து நிமிடம் என்று கடிகாரத்தை வைத்தே பயிற்சி நடக்கிறது.

எல்லை கடந்த அறிவித்தலுக்கு வேறொரு பாதை உண்டு. சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு 1986 இல் உருவான முன்னறிவித்தல் சமவாயத்தின்படி, விபத்து நேர்ந்த நாடு பாதிக்கப்படக்கூடிய நாடுகளுக்கு நேரடியாகவோ வியன்னாவிலுள்ள முகவரகத்தின் ஊடாகவோ உடனே அறிவிக்க வேண்டும். அந்தப் பாதை வேலை செய்கிறதா என்பதை முகவரகம் நாடுகளைச் சேர்த்து அவ்வப்போது சோதிக்கிறது. அவற்றுள் மிகப் பெரிய பயிற்சி 2017 இல் ஹங்கேரியையும் 2021 இல் ஐக்கிய அரபு இராச்சியத்தையும் களமாகக் கொண்டு நடந்தது. இந்தியாவும் இலங்கையும் 2015 பெப்ரவரியில் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றிலும் கைச்சாத்திட்டன. இந்நாட்டில் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை அணுசக்தி சபையும் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையும் இயங்குகின்றன; மக்களுக்கான எச்சரிக்கை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் ஊடாக வரும், அதன் இலக்கம் 117. இந்த மூன்று பெயர்களையும் அந்த ஒரு இலக்கத்தையும் உங்கள் ஒத்திகைக் கோப்பின் முதல் தாளில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: நோக்கங்களை மூன்றுக்குள் அடக்குங்கள்

"தயார்நிலையை மேம்படுத்தல்" என்பது நோக்கமல்ல, அதை அளக்க முடியாது. "செய்தி கிடைத்து இருபது நிமிடத்துக்குள் பன்னிரண்டு மாடிகளிலும் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அது மும்மொழியில் போய்ச் சேர்ந்ததா" என்பது நோக்கம். "உணவகப் பொறுப்பாளர் எந்தப் பொருளை நிறுத்துவது, எதைத் தொடர்ந்து சமைப்பது என்று எழுத்தில் முடிவெடுத்தாரா" என்பதும் நோக்கம். மூன்றுக்கு மேல் வைத்தால் அவதானிப்பாளர் எதையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்.

முதல் ஒத்திகையை மேசைப் பயிற்சியாகவே நடத்துங்கள். பத்துப் பேர், ஒரு மேசை, ஒரு கடிகாரம், உறைகளில் இட்ட செய்திகள், அவ்வளவும் போதும். ஆட்களை நடமாட வைக்கும் ஒத்திகை அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு வரட்டும். திகதி குறித்ததும் கிராம உத்தியோகத்தருக்கும் அண்மைய பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிப்பது கட்டாயம். ஒலிபெருக்கி, சைரன் எதையும் இந்தத் தலைப்பில் பயன்படுத்த வேண்டாம். 2004 டிசம்பரைக் கண்ட கரையோரத்தில் சைரன் ஒலிக்கு வேறொரு பொருள் இருக்கிறது.

நான்காம் படி: நிகழ்வுத் தொடரை எழுதுங்கள்

எந்த நேரத்தில் என்ன நடக்கும், என்ன செய்தி வரும் என்ற கற்பனை அட்டவணைதான் நிகழ்வுத் தொடர். ஒத்திகையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நல்ல நிகழ்வுத் தொடர், எல்லாம் ஒழுங்காக நடக்கும் கதையாக இருக்கக் கூடாது. 2011 மார்ச் 11 க்கு முன்னரும் ஜப்பானில் ஒத்திகைகள் நடந்தன. நிலநடுக்கம், ஆழிப்பேரலை, மின்தடை, உலை விபத்து எல்லாம் ஒரே நாளில் வந்து சேரும் என்று அவை கருதவில்லை. ஃபுகுஷிமா நிலையத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் இருந்த அவசரகால மையமே மின்சாரமும் தொடர்பும் இழந்து, சில நாட்களில் கைவிடப்பட்டது. வெளியேற்ற வட்டம் அன்று இரவு 2 கிலோமீட்டராக இருந்து 3 ஆகி, மறுநாள் 10 ஆகி, மாலைக்குள் 20 ஆனது; ஒவ்வொரு முறையும் மக்கள் மீண்டும் மூட்டை கட்டினார்கள். நமியே நகர மக்களில் பலர் கதிரியக்கம் பரவிய அதே திசையிலுள்ள சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள், ஏனெனில் காற்றுத் திசைக் கணிப்பு அவர்களிடம் வந்து சேரவில்லை. வைத்தியசாலைகளிலிருந்து அவசரமாக அகற்றப்பட்ட முதிய நோயாளர்கள் பலர் பயணத்தின்போதோ அதற்குப் பின்னரோ இறந்தார்கள். அந்த மரணங்களுக்குக் காரணம் கதிர்வீச்சு அல்ல, ஆயத்தமில்லாத வெளியேற்றம். இதை நினைக்கும்போதெல்லாம், ஒத்திகையை ஒரு சடங்காகச் செய்து முடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கொழும்புக்கான நிகழ்வுத் தொடரை இப்படி அமைக்கலாம். காலை 6.40 க்கு, அதிகாரபூர்வ அறிவித்தல் எதுவும் வரும் முன்பே, வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வருகிறது: "கூடங்குளம் வெடிச்சிட்டுதாம், பிள்ளைகளை அனுப்பாதீங்க." 7.10 க்குள் நாற்பது பெற்றோர் தொலைபேசியில் அழைக்கிறார்கள். 8.30 க்கு முதல் உத்தியோகபூர்வச் செய்தி ஒரு மொழியில் மட்டும் வருகிறது. 10.00 மணிக்கு மின்சாரம் போகிறது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை நாம் பார்த்திருப்பதால், இதை மிகையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். 11.30 க்கு உணவகத்துக்கு மீனும் கீரையும் வந்து இறங்குகின்றன. 1.00 மணிக்கு ஒரு தாய் வாசலில் நின்று அயடின் மாத்திரை கேட்கிறார். மாலை 4.00 மணிக்கு இடியுடன் மழை பெய்கிறது.

வதந்தியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் வெடித்தபோது வெளியுலகுக்கு எவரும் அறிவிக்கவில்லை. ஏப்ரல் 28 காலை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் ஒரு பணியாளரின் காலணி கதிர்வீச்சு அளவியை ஒலிக்கச் செய்த பிறகுதான் விடயம் வெளிவரத் தொடங்கியது. உத்தியோகபூர்வச் செய்தி எப்போதும் முதலில் வரும் என்று எண்ணி எழுதப்படும் நிகழ்வுத் தொடர் உண்மை நாளுக்கு உதவாது.

ஒவ்வொரு செய்தியும், தாளில் ஆனாலும் தொலைபேசியில் ஆனாலும், "இது ஒத்திகை" என்று தொடங்கி "இது ஒத்திகை" என்று முடிய வேண்டும். அணு மின் நிலையங்களிலும் இந்த விதியை மீற விடுவதில்லை. உண்மையான நெருக்கடி குறுக்கிட்டால் ஒத்திகையை உடனே நிறுத்துவதற்கென ஒரு சொல்லையும் முன்கூட்டியே தீர்மானித்து எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். குரல் பதிவை எக்காரணம் கொண்டும் உண்மையாக வட்ஸ்அப்பில் போடாதீர்கள். அதன் எழுத்து வடிவத்தைத் தாளில் கொடுத்தால் போதும்.

ஐந்தாம் படி: மொழியைச் சோதியுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பின் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில் நடந்த தீ ஒத்திகையில் நான் நான்காம் மாடியில் அவதானிப்பாளராக நின்றேன். ஒலிபெருக்கியில் அறிவித்தல் சிங்களத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் போனது. கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்த ஒரு வயதான அம்மா, கையில் தேங்காய்த் துருவலோடு, "தம்பி, என்னவாம் சொல்லுறாங்க? தண்ணி வெட்டப் போறாங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய் வாளிகளில் தண்ணீர் நிரப்பத் தொடங்கிவிட்டார். அன்று மாலை அறிக்கையில் அந்த மாடி "வெற்றிகரமாக வெளியேறியது" என்று எழுதப்பட்டிருந்தது. அந்த அம்மா வீட்டில்தான் இருந்தார்.

ஆகவே அறிவித்தல்களை முன்கூட்டியே மூன்று மொழிகளிலும் எழுதி, அச்சிட்டு, வைத்திருங்கள். தமிழ் அறிவித்தலைச் சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், உங்கள் கட்டடத்திலுள்ள ஒரு பாட்டிக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்: "இது ஒத்திகை. இந்தியாவிலுள்ள அணு மின் நிலையத்தில் விபத்து என்று செய்தி வந்திருக்கிறது. கொழும்பை விட்டு வெளியேறத் தேவையில்லை. சன்னல்களைப் பூட்டி வீட்டுக்குள் இருங்கள். மழை நீரையும் மூடாமல் வைத்த தண்ணீரையும் குடிக்க வேண்டாம். அடுத்த அறிவித்தல் பத்து மணிக்கு. இது ஒத்திகை." இவ்வளவுதான். கடைசி வாக்கியத்துக்கு முன் அடுத்த அறிவித்தலின் நேரத்தைச் சொல்வது மிக முக்கியம். நேரம் தெரிந்தவர் காத்திருப்பார், தெரியாதவர் வாசலுக்கு வருவார்.

சோதிக்கும் முறை எளிது. அறிவித்தல் முடிந்து பத்து நிமிடத்தில் அவதானிப்பாளர் ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவைத் தட்டி, "என்ன செய்யச் சொன்னார்கள்?" என்று கேட்டு, வந்த பதிலை அதே சொற்களில் எழுத வேண்டும்.

ஆறாம் படி: உள்ளே தங்குதல்

இந்தத் தூரத்தில் இது தேவைப்படும் வாய்ப்பு குறைவு. எனினும் செலவில்லாதது, பழகினால் நன்மையே. சன்னல்களை மூடுங்கள், வெளிக்காற்றை இழுக்கும் குளிரூட்டியையும் காற்றுப் போக்கியையும் நிறுத்துங்கள், வெளியே போய் வந்தவர் செருப்பையும் மேலாடையையும் வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டட்டும், கையையும் முகத்தையும் கழுவட்டும். பாடசாலையில் தரம் ஒன்றுப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தால் எந்த வகுப்பறையின் சன்னல் கொளுக்கி உடைந்திருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.

ஏழாம் படி: அயடின் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகுங்கள்

மாத்திரை விநியோகத்தைக் கொழும்பில் ஒத்திகை பார்க்கத் தேவையில்லை. மாத்திரை பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பொட்டாசியம் அயடைட்டு, தைரொய்டு சுரப்பியைச் சாதாரண அயடினால் நிரப்பி, கதிரியக்க அயடின்-131 அங்கே சேராமல் தடுக்கிறது. அது வேறெந்தக் கதிரியக்கப் பொருளுக்கும் மருந்தல்ல. வளர்ந்தவர்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயது வரை 65, ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32, பிறந்த சிசுவுக்கு 16 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கதிரியக்கம் வந்து சேர்வதற்கு முந்திய 24 மணி நேரத்திலிருந்து வந்தபின் இரண்டு மணி நேரம் வரை எடுப்பதே சிறந்த பலன் தரும். எட்டு மணி நேரம் வரை ஓரளவு பயனுண்டு. சுகாதார அதிகாரிகள் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

காயத்துக்குப் பூசும் அயடின் திரவத்தைக் குடிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது, அது நஞ்சு. அயடின் கலந்த உப்பு உதவுமா என்றும் கேட்பார்கள். ஒரு கிலோ உப்பிலுள்ள அயடின் சில பத்து மில்லிகிராம்தான், ஆகவே கிலோக்கணக்கில் உப்பைத் தின்றாக வேண்டும். 2011 மார்ச்சில் சீனாவின் பல நகரங்களில் மக்கள் உப்புக்கு முண்டியடித்து அலுமாரிகளைக் காலி செய்தார்கள். உங்கள் ஒத்திகையில் வாசலில் நிற்கும் அந்தத் தாயிடம் பேசப் போகிறவர் இந்தப் பதில்களை அமைதியாக, அவரைத் தாழ்த்தாமல் சொல்லிப் பழகட்டும்.

எட்டாம் படி: உணவு, நமது உண்மையான ஒத்திகை

300 கிலோமீட்டர் வட்டத்தின் பொருள் இதுவே என்பதால் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மழை, காற்றிலுள்ள துகள்களைத் தரைக்கு இறக்குகிறது. செர்னோபில்லிலிருந்து ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வேல்ஸ் மலைகளில் பெய்த மழை புல்லை மாசுபடுத்தியதால், அங்கே செம்மறியாடு விற்பனைக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் 2012 வரை நீடித்தன. தூரம் மட்டும் காவல் அல்ல.

மேசையில் உண்மையான பொருட்களை வையுங்கள்: ஒரு கட்டு பொன்னாங்காணி, ஒரு போத்தல் புதிய பசுப்பால், திறக்காத பால்மாப் பொதி, டின் மீன், மரவள்ளிக் கிழங்கு, மூடிய போத்தல் தண்ணீர், கிணற்று நீர். ஒவ்வொன்றையும் பார்த்து "இன்று உண்ணலாம், காத்திருக்க வேண்டும், அதிகாரிகள் சொன்ன பிறகு" என்ற மூன்றில் ஒன்றில் பங்கேற்பாளர் சேர்க்கட்டும். கீரை காத்திருக்க வேண்டும், இலை மேல் நேரடியாகப் படிவு விழுகிறது. புதிய பாலும் காத்திருக்க வேண்டும், பசு மேய்ந்த புல்லிலிருந்து அயடின் விரைவில் பாலுக்கு வருகிறது. செர்னோபில்லைச் சுற்றிய பிள்ளைகளின் தைரொய்டுப் புற்றுநோய்களுக்குப் பெரும் காரணம் தடுக்கப்படாத அந்தப் பால்தான். விபத்துக்கு முன் பொதி செய்த பால்மாவும் டின் மீனும் இன்றே உண்ணத்தக்கவை. மூடிய கிணறும் மண்ணுக்கடியிலுள்ள கிழங்கும் உடனடி ஆபத்துக்கு வெளியே நிற்கின்றன. அயடின்-131 இன் அரைவாழ்வு எட்டு நாள். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். சீசியம்-137 க்கு அரைவாழ்வு 30 ஆண்டுகள், ஆகவே நீண்டகாலச் சோதனை அதற்காகத்தான்.

மீன் பற்றித் தனியாகப் பேசுங்கள். 2021 மே மாதத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் நம் கடலில் எரிந்தபோது பலர் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். தடை விதிக்கப்படாத கடல்களில் பிடித்த மீன்கூட விலைப்படாமல் மீனவர்களும் வியாபாரிகளும் பட்ட பாட்டை நாம் கண்டோம். அந்த அனுபவத்தைக் கேள்வியாக்குங்கள்: பிடித்த இடம் தெரியாத மீன் பற்றி யாரிடம் கேட்பீர்கள்? பதிலில் பொதுச் சுகாதார பரிசோதகரின் அலுவலகமும் அதன் தொலைபேசி இலக்கமும் வர வேண்டும். "ஃபேஸ்புக்கில் பார்ப்போம்" என்ற பதில் வந்தால் அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: அன்றே மீளாய்வு செய்யுங்கள்

ஒத்திகை முடிந்து தேநீர் ஆறுவதற்குள் எல்லோரையும் உட்கார வையுங்கள். முதலில் பேச வேண்டியவர்கள் காவலாளி, துப்புரவுப் பணியாளர், உணவகத்தில் சமைப்பவர் ஆகியோர். முகாமையாளர் கடைசியில் பேசட்டும், இல்லையென்றால் மற்றவர்கள் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். யார் பிழை விட்டார் என்று கேட்க வேண்டாம். செய்தி எங்கே நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது என்று கேளுங்கள்.

அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இடது பக்கம் பிழைத்தவை, நடுவில் சரிசெய்ய வேண்டியவரின் பெயர், வலது பக்கம் திகதி. பிழைத்த பகுதியை மட்டும், உதாரணமாக நான்காம் மாடிக்குத் தமிழ் அறிவித்தல் போய்ச் சேராததை, மூன்று வாரங்களுக்குள் தனியாக மறுபடி நடத்துங்கள். அவதானிப்பாளர் அதே கதவைத் தட்டி, அதே கேள்வியைக் கேட்டு, வந்த பதிலைப் பழைய தாளின் கீழேயே எழுதட்டும்.